வலது பக்கக் கருப்பும் இடது பக்கக் கருப்பும்



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சுயமரியாதை மேடையில் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கதைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். கூட்டம் ஆரம்பிக்கு முன் ஒரு தோழர் வந்து, "அய்யா, புராணம் பொய் என்று ஊர் ஊராய்ச் சொல்லுகிறோம், வேறு கிரகத்துக்குக் கப்பலில் போகிற கதை மாத்திரம் மெய்யா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குக் கடைசியில் பதில் சொல்லுகிறேன்.

"ஸ்டார் டிரெக்" என்பது ஜீன் ராடன்பரி என்பவர் உண்டாக்கிய தொடர்கதை. 1966 செப்டம்பர் 8-ந் தேதி ஒளிபரப்பாக ஆரம்பித்து 1969 ஜூன் 3-ந் தேதியோடு நின்றது. வருங்காலத்து மனிதர்கள் ஒரு ஆகாயக் கப்பலில் நட்சத்திரங்களைச் சுற்றி வருகிறார்கள் என்பது கதை. அந்தக் கப்பலில் கருப்பு இனப் பெண் ஒருத்தி அதிகாரி. ஆசிய வம்சத்தான் ஒருவன் கப்பலை ஓட்டுகிறான். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். கருப்பரும் வெள்ளையரும் கலியாணம் செய்து கொள்ளுவதே குற்றம் என்று அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் சட்டம் இருந்த காலம் அது! 1967 ஜூன் மாதத்தில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லா என்றது. கப்பல் ஓட்டுகிறவனாக நடித்த ஜார்ஜ் டக்கே, இரண்டாவது மகாயுத்த காலத்தில், ஜப்பானிய வம்சம் என்ற ஒரே குற்றத்துக்காகக் குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டவர்.

நிற்க, 1969 ஜனவரி 10-ந் தேதி வந்த ஒரு கதையைச் சொல்லுகிறேன். ஷெரான் என்ற கிரகத்திலிருந்து இரண்டு பேர் கப்பலுக்கு வந்து சேருகிறார்கள். இருவருக்கும் முகத்தில் பாதி கருப்பு, பாதி வெள்ளை. ஒருவன் மற்றவனைக் கைதி செய்து கொண்டு போக வந்திருக்கிறான். அவனைக் கீழான ஜாதி என்கிறான். கப்பலிலிருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இருவரும் ஒரே மாதிரிதானே இருக்கிறீர்கள்?" என்கிறார்கள். அவனுக்கோ கோபம் பொங்குகிறது. தனக்கு வலது பக்கம் கருப்பாம். மற்றவனுக்கு வலது பக்கம் வெள்ளையாம்! இந்த வித்தியாசம் கூடவா கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறான்.

கடைசியில் ஷெரானுக்குப் போய்ப் பார்த்தால், அங்கே ஒரு உயிரும் மிச்சமில்லை. இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கொன்று தீர்த்து விட்டார்கள். அப்பொழுதாவது இந்த இருவருக்கும் புத்தி வந்ததா? இல்லை. செத்துக் கிடக்கும் ஊரில் ஒருவனை ஒருவன் துரத்திக் கொண்டு ஓடினார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்தீர்கள். ஆனால் தோழர்களே, அவர்களுக்காவது காட்டுவதற்கு ஒரு பக்கம் இருந்தது. நம்முடைய ஜாதிக்கு அதுகூட இல்லையே! தெருவில் போகிற இருவரை நிறுத்தி, யார் மேல், யார் கீழ் என்று ஊர் தெரியாத ஒருவனால் சொல்ல முடியுமா? அப்படியிருந்தும் பெண் கேட்கும்போதும், சுடுகாட்டுக்குப் போகும்போதும் மறக்காமல் பார்க்கிறோம். இந்தக் கூட்டத்துக்கு வந்து கைதட்டுகிறவர்களிலும் வீட்டில் பார்க்கிறவர்கள் இல்லையா? அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

மற்றொரு கதை 1967 பிப்ரவரியில் வந்தது. ஒரு கிரகத்து ஜனங்கள் எல்லோரும் லாண்ட்ரு என்பவனுக்குக் கட்டுப்பட்டுச் சாந்தமாக இருக்கிறார்கள். மாறாக நினைக்கிறவனைப் பிடித்து மனதையே மாற்றி விடுவார்கள். விசாரித்தால், லாண்ட்ரு செத்து ஆறாயிரம் வருஷமாகிறது! அவன் நல்லெண்ணத்தோடு செய்து வைத்துப் போன ஒரு யந்திரம்தான் அவன் பெயரால் ஆண்டு கொண்டிருக்கிறது. கப்பல் தலைவனும் அவன் துணைவனும் அந்த யந்திரத்தைக் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். பதில் சொல்ல முடியாமல் அது தானே வெடித்துப் போகிறது.

இதை மனுவுக்கும் மடாதிபதிக்கும் மட்டும் சொன்ன பாடம் என்று நினைத்து விடாதீர்கள். நமக்கும்தான். ஒரு பெரியவர் சொன்னதற்காகவே ஒன்றை ஒப்புக் கொண்டு, கேட்கிறவனைத் துரோகி என்று நாமும் சொல்ல ஆரம்பித்தால், அன்றைக்கே நம்மிடத்திலும் ஒரு லாண்ட்ரு முளைத்து விட்டான் என்று அர்த்தம்.

இனி அந்தத் தோழர் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் கற்பனைதான். ஆனால் ஸ்டார் டிரெக்கை நம்பாவிட்டால் நரகம் என்று எவனும் சொல்லவில்லை. அதற்குத் தட்சிணை கிடையாது; அதைப் படிக்கக் கூடாத ஜாதியும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் குற்றமிருந்தால் தாராளமாகச் சொல்லலாம். நானே சொல்லுகிறேன். கடைசிக் கதையில், கப்பல் தலைவியாக வர முடியாத ஒரு பெண்ணைப் பொறாமையால் புத்தி கெட்டவளாகக் காட்டினார்கள். இது ஆண்களின் பழைய அகம்பாவமேயன்றி வேறென்ன? இப்படிச் சொன்னதற்காக என் நாக்கை அறுக்க எந்தச் சாஸ்திரமும் வராது. புராணத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான்.

பலன் உண்டா என்பீர்கள். அந்தக் கருப்பு அதிகாரியாக நடித்த நிச்செல் நிக்கல்ஸ் அம்மையார், முதல் வருஷத்துக்குப் பிறகு விலகிக் கொள்ள இருந்ததாகவும், மார்ட்டின் லூதர் கிங் அவர்கள் வேண்டாமென்று தடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் என்ற பெண்தான், 1992-ல் ஆகாயத்துக்குப் போன முதல் கருப்பு இனப் பெண்மணி. எட்டாது என்று சொல்லி வளர்த்தால் பிள்ளை எட்டிப் பார்க்காது. எட்டும் என்று காட்டினால் ஒரு நாள் போயே விடும்.

ஆகையால் தோழர்களே, பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள், கூடவே, "இது சரியா?" என்று கேட்கவும் சொல்லிக் கொடுங்கள். நான் இப்பொழுது சொன்னதையும் அப்படியே நம்பி விடாமல், வீட்டுக்குப் போய் யோசித்துச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளும்படி கேட்டு, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.