ஒப்பமிடும் உரிமை யாருக்கு?



ஆட்சியாளரிடம் சமவுரிமை கேட்கும் நாம், நம் வீட்டு உறுதிப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் 1911இல் இயற்றப்பட்டது. சீதனக் காணி மனைவிக்கே உரியது என்று அது கூறிற்று. ஆயினும், அதனை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. அவன் மறுத்தால் அவள் நீதிமன்றப் படியேற வேண்டும். கணவனோ தன் முதுசக் காணியை விற்க மனைவியைக் கேட்க வேண்டியதில்லை. காணி அவளுடையது, அதிகாரம் அவனுடையது! இதனைச் சமத்துவம் என்போமா?

சட்டம் பயின்ற எம்மிற் பலர், அச்சம்மதத்தை எழுதிக் கூலி பெற்றோம். அநீதி என்று சொன்னோமில்லை.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதற்கு முன்னர், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் வாக்களிப்பதைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்தனர். இரு கதவுகளுக்கும் பூட்டு ஒன்றே என்பதை அது காட்டிற்று. பெண்ணுக்கு உரிமை மறுக்கும் நியாயமே உழைப்பவனுக்கும் மறுக்கும் நியாயமாகும்.

ஆதலின், மனைவியின் உடைமைக்குக் கணவனின் சம்மதம் கேட்கும் விதி எந்தச் சட்டத்திலும் இருத்தலாகாது என நாமே முதற்குரல் எழுப்புவோமாக. மேடையிற் கேட்பதை வீட்டில் மறுப்போமாயின், நம் கோரிக்கையை யார் மதிப்பர்?