இருபத்தைந்து வரித் திரை
(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார் செயலாளர். படமும் மவுசும் இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள திரையைப் பற்றிச் சொல்கிறேன்.

1993-ல் கோட்டாறு கம்போளத்தில் ஒரு மொத்தக் கடைக்குக் கிளிப்பரில் பில் புரோகிராம் எழுதினேன். டாஸ் திரை, 80 எழுத்து அகலம், 25 வரி. நீலத்தில் மஞ்சள் எழுத்து, சுற்றி இரட்டைக் கோட்டுப் பெட்டி, விலை தப்பினால் 'பீப்'. எனக்கு ஒரே பெருமை.

கணக்குப்பிள்ளைக்கு அறுபது தாண்டியிருந்தது. மூன்றாம் நாள் கம்ப்யூட்டரைத் துண்டால் மூடிவிட்டுப் பேரேட்டை எடுத்துவிட்டார். "அண்ணாச்சிக்கு இது வராது, வேற பையனப் பாக்கணும்" என்றார் முதலாளி. என் புரோகிராமால் ஒருவர் வேலை போகப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்டூல் போட்டு ஒரு நாள் முழுக்க அவர் பக்கத்தில் இருந்தேன். இடது கை விரல் துண்டுச் சீட்டில் வரி பிடித்திருக்கும். கீபோர்டுக்கு வலது கை மட்டுந்தான். நானோ ஒவ்வொரு சரக்குக்கும் எஃப்1, எஃப்10 என்று அலையவிட்டிருந்தேன். அதைக்கூடப் பொறுத்திருப்பார். "தம்பி, அது கத்தும்போதெல்லாம் கடையில உள்ளவன் எல்லாம் என்னயில்லா பாக்கான்!"

பீப்பை எடுத்தேன். தப்பு என்றால் 24-ஆம் வரியில் சத்தமில்லாமல் ஒரு வாக்கியம். கட்டளைகள் எல்லாம் வலதுபுற எண் பொத்தான்களுக்கு வந்தன. கூட்டல் குறி என்றால் அடுத்த சரக்கு. கட்டங்களைப் பேரேட்டு வரிசைக்கே மாற்றினேன். கறுப்பில் வெள்ளை எழுத்து போதும் என்றார், சரி என்றேன். ஒரு மாதத்தில் திரையைப் பார்க்காமலே பில் போட்டார். பையன் யாரும் வரவில்லை.

இன்று லினக்ஸ் டெர்மினலில் எழுதுபவர்களுக்கு என்கர்ஸஸ் இருக்கிறது. அதன் மூதாதை கர்ஸஸ். 1980 வாக்கில் பெர்க்கிலியில் கென் அர்னால்டு எழுதியது. திரை முழுவதையும் திரும்ப வரையாமல் மாறிய இடத்தை மட்டும் அனுப்பும். மெதுவான தொலைபேசி லைனில் அதுதான் உயிர்.

ஆனால் தமிழில் போட்டுப் பாருங்கள். 'கோட்டாறு' நமக்கு நாலு எழுத்து, யூனிகோடில் எட்டுக் குறி. டெர்மினலோ ஒரே அளவுக் கட்டங்களாக எண்ணும். கணக்குப் பிசகி, பெட்டியின் வலது சுவர் வரிக்கு வரி கோணும். அன்றைக்கு சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு போட்டால் டாஸில் தமிழ் வரும். முதலாளி அதற்குக் காசு தரவில்லை, அண்ணாச்சி கடைசிவரை இங்கிலீஷ் திரையில்தான் வேலை பார்த்தார்.

அந்தச் சுவரை நிமிர்த்திப் பார்க்க ஆசையுள்ள மாணவர் யாராவது இருந்தால், மதியப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.