தேடுகருவிக்கு ஒரு பாயிரம்



பத்தாம் ஆண்டு விழாவில் தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி கணினிக் கருவியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் சென்ற திங்களில் நம் மன்றத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது முறையன்று.

நம் மன்றப் பணிகளை நெடுங்காலம் ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதி வந்தோம். யாருக்குக் கடிதம் எழுத வேண்டும், எக்கவிதைக்கு மெய்ப்புப் பார்க்க வேண்டும், எது அச்சகத்திற்குச் செல்ல வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருந்தன. அப்பட்டியல் இப்போது கணினிக்குள் சென்றுவிட்டது. என் பழைய மாணவர் ஒருவர், செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று அப்பட்டியலைத் தேடிப் பார்த்து நமக்கு விடை சொல்லுமாறு ஒரு சிறு கருவி செய்து தந்தார். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிமுறையை ஒட்டி அமைந்தது அது. அந்நெறிப்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்ற அமைப்பு ஆகியவை எழுதப்பெறும். முகவர் கருவியின் உள்ளே புகுந்து பார்ப்பதில்லை. எழுதிய விளக்கத்தைப் படித்தே அதை எப்போது, எவ்வாறு பயன்படுத்துவது என்று முடிவு செய்கிறது.

விளக்கத்தை என்னை எழுதச் சொன்னார். ‘மன்றப் பணிகளைத் தேடித் தரும்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். சுருங்கச் சொல்லல் என்ற அழகு அதில் இருப்பதாக மகிழ்ந்தும் கொண்டேன்.

நம் முதுபெருங் கவிஞர் ஒருவர் தோவாளை வட்டத்து ஔவையாரம்மன் கோயிலையும் ஆடிச் செவ்வாய்க் கொழுக்கட்டையையும் பாடி, நடுங்கும் கையெழுத்தில் ஒரு கவிதை அனுப்பியிருந்தார். மலர்க்கென அவர் தந்தது அது ஒன்றே. ‘ஔவை பற்றிய கவிதைக்கு ஏதேனும் பணி எஞ்சியுள்ளதா?’ என்று முகவரைக் கேட்டோம். ‘எஞ்சிய பணி எதுவும் இல்லை’ என்று விடை வந்தது. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் கொண்டோம். உண்மையில் அக்கவிதை தட்டச்சுக்கே செல்லவில்லை. அச்சகத்திற்குக் கட்டு அனுப்பும் நாளன்று, பழக்கத்தின் காரணமாக நான் பட்டியலை வரிவரியாகப் படித்ததால் அகப்பட்டது.

நடந்தது இதுதான். பட்டியலில் ஏற்றியவர் ‘ஔ’ என்னும் ஓரெழுத்துக்கு மாறாக ‘ஒ’, ‘ள’ என்று ஈரெழுத்தாகத் தட்டியிருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கருவிக்கு வேறு வேறு. இதற்கு நெருங்கிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். ஒருங்குறியின் இயல்பாக்க முறை இந்தப் பின்னதைச் சரிசெய்துவிடும். ‘ஔ’, ‘ஒள’ மயக்கத்தைச் சரிசெய்யாது. அதைக் கருவி செய்பவரே தனியாகக் கவனிக்க வேண்டும். ‘கடிதம்’ என்று தேடினால் ‘கடிதத்துக்கு மறுமொழி’ அகப்படாது என்பதை இலக்கணம் கற்ற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிழை கருவியில் மட்டும் இருந்ததா? இல்லை, என் ஒற்றை வரியிலும் இருந்தது. கருவி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் என்றோ, பொருளறிந்து தேடாது என்றோ நான் எழுதவில்லை. ‘அகப்படவில்லை’ என்பதை முகவர் ‘இல்லை’ என்று கொண்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் கொண்டிருப்பேன்.

இவ்வேறுபாட்டை நாஞ்சில் நாட்டார் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. சொல்லடைவும் ஒரு தேடுகருவியே. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; வேறு சில பாடல்கள் சிதைந்துள்ளன. ஒரு சொல் அடைவில் காணப்படாவிட்டால், கிடைத்த பகுதியில் அது இல்லை என்று சொல்லலாமேயன்றி, நானூறிலும் இல்லை என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஆய்வேடு எழுதிய நாளில் இதை அறிந்திருந்த நான், பணிப்பட்டியல் என்றதும் மறந்துவிட்டேன். சிறிய வேலை என்ற அலட்சியம்தான்.

பின்னர் நன்னூலை எடுத்து வைத்துக்கொண்டேன். சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவை எனப் பவணந்தியார் சொல்லும் எட்டில் எல்லையும் உண்டு, கேட்போரும் உண்டு. அங்கே எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. நான் அதைச் சற்றே நீட்டிக் கருவி எட்டும் பரப்பு என்று கொண்டேன். உரையாசிரியர்கள் மன்னிப்பார்களாக. கேட்போர் யார் என்பதே எனக்குப் பெரிய வினாவாயிற்று. மனித வாசகர் ஐயம் வந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். இந்த வாசகரோ விளக்கத்தில் இல்லாததைத் தானே ஊகித்து நிரப்பிவிடும். கணினி அறிந்தவர்களே இவற்றை எழுதிவிடுவார்கள் என்று நம்மில் பலர் இருக்கிறோம். அவர்கள் தமக்கு வெளிப்படையாகத் தெரிவதை எழுதாமல் விடுவார்கள், அங்கேதான் இடறல்.

இப்போது விளக்கம் ஒரு பக்கம் இருக்கிறது. கருவி பட்டியலைப் படிக்கும், எதையும் மாற்றாது. நிலை குறிப்பிடாவிடில் நிலுவைப் பணிகளை மட்டும் காட்டும். முடிந்தவை வேண்டுமெனில் தனியே கேட்க வேண்டும். முதல் பத்தை மட்டும் தரும். மேலும் இருந்தால் இருப்பதாகச் சொல்லும். வேற்றுமை உருபு ஏற்ற சொல்லைத் தேடுவதானால் சொல்லின் முற்பகுதியை மட்டும் கொடுக்க வேண்டும். ‘கடித’ என்பது போதும். ஒன்றும் அகப்படாவிட்டால் வேறு எழுத்து வடிவத்தில் மீண்டும் தேட வேண்டும். அதன் பின்னும் அகப்படாவிட்டால், தேடிய சொற்களைக் குறிப்பிட்டு ‘இவற்றால் தேடியதில் அகப்படவில்லை’ என்றே விடை சொல்ல வேண்டும். பட்டியலைத் திறக்கவே முடியாமற்போனால் அதை அவ்வாறே அறிவிக்க வேண்டும், வெறுமையைத் தரக்கூடாது. மாணவரும் தம் பங்குக்கு ‘ஔ’ மயக்கத்தைத் தீர்த்துவிட்டார்.

கவிஞரிடம் நேரில் சென்று நடந்ததைச் சொன்னேன். ‘ஔவைக்கு இரண்டு எழுத்துப் போட்டால் என்ன அம்மா, கிழவி கோபிக்க மாட்டாள்’ என்று சிரித்தார். கவிதை அச்சகக் கட்டில் இப்போது இருக்கிறது. மெய்ப்பை நானே பார்த்தேன்.