கையெழுத்தில் ஆசை வளர்ப்பது கனிவே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! மேடையிலே எதிரணியாகவும் வாழ்க்கையிலே என் அணியாகவும் இருக்கிற நண்பர்களே! திருநின்றவூர்ப் பெருமக்களே, தாய்மார்களே, கேமராவுக்கு முன்னால் இடம் பிடித்துவிட்டு எழுந்திருக்க மறுக்கிற குழந்தைச் செல்வங்களே!

"கையெழுத்தில் ஆசை வளரப் பெரிதும் காரணம் கண்டிப்பா? கனிவா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்"னு ஆரம்பிச்சாங்க. ஸ்கேலாலே விரல் முட்டியிலே அடி வாங்கித்தான் தன் எழுத்து முத்து முத்தா வந்ததுன்னு முடிச்சாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா அம்மா, ஒரே ஒரு கேள்வி. அந்த முத்தெழுத்தாலே, யாரும் கேக்காம, நீங்களா ஆசைப்பட்டு ஒரு முழுப் பக்கம் எழுதி எத்தனை வருஷம் ஆச்சு? சிரிக்கிறாங்க. பதில் வரல. நடுவர் அவர்களே, குறிச்சு வச்சுக்குங்க! கண்டிப்பு அவங்களுக்கு எழுத்தைக் கொடுத்தது. ஆசையைக் கொடுக்கவில்லை. பிரம்பு போன அன்றைக்கே எழுதுகோலும் போய்விட்டது!

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாலு கோடு நோட்டு வேண்டும், தினம் ஒரு பக்கம் வேண்டும், பேனாவை மூன்று விரலிலே பிடிக்கிற பழக்கம் வேண்டும். எல்லாம் சரி. அந்த ஒரு பக்கத்தை ஒரு குழந்தை நாளைக்கும் எழுத வேண்டும், மறுநாளும் எழுத வேண்டும் என்றால், உள்ளேயிருந்து ஒன்று தள்ள வேண்டுமே, அது எது? அதைத்தான் தலைப்பு கேட்கிறது.

"அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியிலே பிரம்பு இல்லையா?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். இருந்தது ஐயா. அதே பள்ளியிலே மணலும் இருந்ததே! 1789-லிருந்து நம் எழும்பூரிலே ஓர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தைப் பார்த்துக்கொண்டவர் ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றிலே பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற முறையையும் சேர்த்தார். 1797-இல் லண்டனிலே அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பேர் பெற்றது. ஸ்காட்லாந்திலே 1833-இல் ஏற்பட்ட ஒரு பள்ளிக்கு 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர். யோசித்துப் பாருங்கள், கடல் தாண்டிப் போனது நம்ம ஊர் மணல்! ஏன் மணல்? தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போச்சு. மறுபடி எழுதலாம். மணல் மன்னிக்கும் ஐயா! சிவப்பு மையினாலே சுழிச்ச சுழி மன்னிக்குமா? (கைதட்டல்)

அடுத்து, காந்தியடிகளை இழுத்தார்கள். "சின்ன வயசிலே கண்டிச்சிருந்தா அவர் கையெழுத்து நல்லா இருந்திருக்கும்" என்றார்கள். சத்திய சோதனையை நானும் படித்திருக்கிறேன். நல்ல கையெழுத்து படிப்புக்கு அவசியமில்லை என்கிற எண்ணம் சிறு வயதிலே எப்படியோ அவருக்கு வந்துவிட்டது. அது தவறு என்று அவருக்கு நன்றாக உறைத்தது எங்கே? தென்னாப்பிரிக்காவிலே! அங்கே வழக்கறிஞர்களும் இளைஞர்களும் எழுதிய அழகான எழுத்தைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது, ஆசை வந்தது. யாரும் அவரை அதட்டவில்லை. அழகைக் கண்டார், அவ்வளவுதான். அதோடு விட்டாரா? குழந்தைக்கு முதலில் படம் வரையச் சொல்லிக் கொடுங்கள், பூவையும் பறவையையும் பார்த்துத் தெரிந்துகொள்வதுபோல எழுத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்கிற கருத்தையும் அங்கேயே எழுதிவைத்தார். எதிரணியினரே, நீங்கள் கூட்டிவந்த சாட்சி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்!

"அதெல்லாம் பழைய கதை, இது கம்ப்யூட்டர் காலம்" என்பீர்கள். சரி, கம்ப்யூட்டர்காரரையே கூப்பிடுவோம். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், 2005-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலே பேசினார். அமெரிக்காவிலே ரீட் கல்லூரியிலே அவர் பட்டப்படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டார். கட்டாயப் பாடம் போச்சு. அந்தக் கல்லூரியிலே சுவரொட்டி, மேஜை இழுப்பறையிலே ஒட்டின சீட்டு, எல்லாமே கையாலே அழகாக எழுதியிருக்கும். அதைப் பார்த்து மயங்கி, எழுத்துக் கலை வகுப்பிலே போய் உட்கார்ந்தார். பரீட்சைக்காகப் போகவில்லை, பட்டத்துக்காகவும் போகவில்லை. கற்ற வித்தை 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் எழுத்துகளிலே இறங்கியது. கட்டாயம் இருந்தவரைக்கும் அந்த வகுப்பு அவர் கண்ணிலே படவில்லை. கட்டாயம் போனதும் ஆசை வந்தது!

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தமிழ்த்தாத்தா உ.வே.சா. 1855-இல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டார். ஆசிரியர் பாட்டைச் சொல்லச் சொல்ல, மாணவர் ஏட்டிலே எழுத்தாணியால் எழுதுவார். ஏட்டிலே எழுதுவது லேசுப்பட்ட காரியமா? புள்ளி வைத்தால் ஓலை கிழியும். அதனாலே புள்ளி வைக்கமாட்டார்கள். குறில் நெடில் வித்தியாசம் தெரியாது. அப்படி எழுதினால் நம்ம ஊர் ஏரி, எரியாகிவிடும்! (சிரிப்பு) அப்படிப்பட்ட ஓலையிலே, ஆசிரியரின் வேகத்துக்கு ஈடுகொடுத்து மணிக்கணக்கிலே எழுத வேண்டும். கை வலிக்காதா? வலிக்கும். ஆசிரியர் வாயிலிருந்து வருகிற தமிழ் ஒன்றுகூடச் சிந்திவிடக் கூடாது என்கிற பாசம், வலியைத் தாங்க வைத்தது. அந்தக் கைதான் பிறகு ஊர் ஊராகப் போய் ஏடு தேடிச் சங்கத்தமிழை மீட்டது.

பெரியவர்களைச் சொன்னேன். என் வீட்டிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். என் தாயார் மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் விடுதியிலே தங்கிப் படித்தபோது இன்லண்டு லெட்டர் போடுவார். ஒருமுறை, "அறையிலே விளக்கு மங்கல்தான் அம்மா" என்று எழுதிவிட்டேன். அடுத்த கடிதத்திலிருந்து எழுத்தெல்லாம் பெரிசு பெரிசா வந்தது. அதுவரை பத்து வரி பிடித்த பக்கத்திலே ஐந்தே வரி. பிள்ளை கண்ணுக்குச் சிரமம் வரக்கூடாதாம்! அன்றைக்கு நான் யோசித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் அம்மா. நான் கிறுக்கி அனுப்பினால், படித்துக் காட்டச் சொல்லி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையின் கடிதத்தை அவரே, தனியாக, அடுப்பங்கரையிலே உட்கார்ந்து படிக்க வேண்டாமா? ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதத் தொடங்கினேன். என் கையெழுத்துக்கு ஆசான் யார் என்று கேட்டால், அந்த ஐந்து வரி இன்லண்டு லெட்டர்தான் என்பேன்.

நடுவர் அவர்களே, கையெழுத்து என்றால் என்ன? படிக்கப்போகிறவர் மேலே எழுதுகிறவருக்கு உள்ள அக்கறை! அந்த அக்கறையைப் பிரம்பு கொடுக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

குழந்தைக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கல்லுடைக்கிற பெண்கள், வயல்வேலை செய்கிற பெண்கள், பகலெல்லாம் உழைத்துவிட்டு ராத்திரியிலே வந்து உட்கார்ந்தார்கள். சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன கைக்குப் பென்சில் வழுக்கும். அவர்களைக் கண்டிக்க யாரால் முடியும்? அதட்டினால் மறுநாள் வரமாட்டார்கள்! சொல்லிக் கொடுத்தவர்கள் தொண்டர்கள். "அக்கா, இப்படி வளைங்க, அப்படி இழுங்க"ன்னு பக்கத்திலே உட்கார்ந்தார்கள். அதுவரை கட்டைவிரலை மையிலே அமுக்கிக் காகிதத்திலே ஒற்றிய கை, தன் பேரைத் தானே எழுதியது. எழுதியதை ஒரு பெண் எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள்! கோணலாக இருந்தால் என்ன? அந்தக் கையெழுத்துக்கு ஈடான அழகு எந்தப் பரிசுக் கோப்பைக்கு உண்டு? (பலத்த கைதட்டல்)

நிறைவாக, இந்த ஊருக்கு வந்துவிட்டு பூசலாரைச் சொல்லாமல் போகலாமா? சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். கையிலே காசில்லை. மனசுக்குள்ளேயே நல்ல நாள் பார்த்து, அடித்தளம் போட்டு, தூணும் சிகரமும் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியிலே மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாள். இறைவன் மன்னன் கனவிலே வந்து, "அன்றைக்கு நான் நின்றவூர்ப் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும்" என்றார் என்கிறது பெரிய புராணம். நினைவாக இங்கே இருதயாலீசுவரர் கோயில் நிற்கிறது. பூசலாரை யாராவது அதட்டினார்களா? ஆசை இருந்ததாலே, பார்க்க ஆளில்லாத இடத்திலும் ஒரு கல்லைக்கூடக் கோணலாக வைக்கவில்லை! எழுத்தும் அப்படித்தான். முதலிலே மனசிலே எழும்ப வேண்டும். கைக்கு அப்புறம்தான் வரும்.

பெற்றோர்களே! நாளைக்கு உங்கள் பிள்ளையை நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொல்லாதீர்கள். "ஊரிலே இருக்கிற ஆயாவுக்கு நாலு வரி எழுதுடா கண்ணு, அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, பெரிசா எழுது"ன்னு சொல்லுங்கள். அது எழுதுகிற எழுத்தைப் பாருங்கள். ஆயா பதில் போட்டால், அதைக் குழந்தையிடமே கொடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். காலம் போகும், ஆயாவும் ஒருநாள் போவார். நோட்டுக்குள்ளே இருக்கிற அந்த நாலு வரி போகாது.

ஆகவே நடுவர் அவர்களே, கண்டிப்பு கையைப் பிடிக்கும், கனிவுதான் மனசைப் பிடிக்கும். கையெழுத்தில் ஆசை வளரப் பெரிதும் காரணம் கனிவே, கனிவே என்று நல்லதொரு தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.