முகாம் இலக்கியமும் கம்யூனிஸ்டுகளும்

(ஹைதராபாத், நாச்சாரத்தில் தமிழ்த் தோழர்களின் வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சோவியத் உழைப்பு முகாம்களைப் பற்றிய இலக்கியம் என்றவுடன் சோல்ஜெனித்சினின் பெயர் மட்டுமே முன்னிறுத்தப்படுகிறது. அவருடைய ‘இவான் தெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ 1962 நவம்பரில் வெளிவந்தது மாஸ்கோவின் ‘நோவிய் மிர்’ இதழில்தான். அதுவும் குருஷேவின் ஒப்புதலோடு. 1974இல் நாடு கடத்தப்பட்ட பின், அவர் மார்க்சியத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, ரஷ்ய தேசியத்திடமும் திருச்சபையிடமும் தஞ்சமடைந்தார். முதலாளித்துவ ஏடுகள் அவரைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

ஆனால் ஏனையோர்? வர்லாம் ஷலாமவ் 1929இல் முதன்முறையாகக் கைதானது, லெனினின் இறுதிக் கடிதத்தை இரகசியமாக அச்சிடும் பணியில் ஈடுபட்டதற்காக. (இச்செய்தியை அந்த ஏடுகள் சொல்வதில்லை.) பின்னர் கோலிமாவில் ஆண்டுக்கணக்கில் வதைபட்டார். முகாம் வாழ்க்கை மனிதனை உயர்த்தும் என்பதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. இதில் சோல்ஜெனித்சினோடும் முரண்பட்டார். கசானைச் சேர்ந்த கட்சி உறுப்பினர் யெவ்கேனியா கின்ஸ்பர்க் 1937இல் கைதாகி, சிறை, முகாம், நாடுகடத்தல் எனப் பதினெட்டு ஆண்டுகளை இழந்தார். குற்றமற்றவர் என்று 1955இல் அறிவிக்கப்பட்டபின் மறுபடியும் கட்சியில் சேர்ந்தார். இவர்களையும் எதிரியின் பிரச்சாரகர்கள் என்று ஒதுக்கிவிட முடியுமா? பாசிசத்தை முறியடித்த செஞ்சேனையின் தியாகம் மறுக்க முடியாதது. அந்தத் தியாகத்தைக் காட்டி கோலிமாவை மறைப்பது, செய்த தியாகத்துக்கே இழுக்கு.

இந்த வரலாறு ஹைதராபாத்துக்கு அந்நியமானதன்று. நிஜாம் கல்லூரியின் முதல் முதல்வர் அகோரநாத் சட்டோபாத்யாயரின் மகன், சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத், 1880இல் இங்கே பிறந்தவர். பெர்லினில் இந்தியப் புரட்சியாளர்களை ஒன்றுதிரட்டினார். ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் செயலாளரானார். ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வருமுன்னரே சோவியத் நாட்டுக்குச் சென்று, லெனின்கிராடில் இனவரைவியல் ஆய்வில் ஈடுபட்டார். 1937இல் கைது செய்யப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 2 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைக்கப்பட்டபோது உடனிருந்த அபனி முகர்ஜிக்கும் அதே 1937இல் அதே முடிவு.

இவ்விருவரும் முகாம் வரைகூடச் சென்று சேரவில்லை. ஆகவே எழுதி வைக்க அவர்களுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. ஷலாமவும் கின்ஸ்பர்க்கும் எழுதியவற்றில்தான் அவர்களுடைய கடைசி மாதங்களைத் தேட வேண்டியிருக்கிறது: நள்ளிரவுக் கைது, விசாரணை அறை, முன்கூட்டியே தயாரான வாக்குமூலம்.

அகோரநாத் குடும்பத்தின் ‘கோல்டன் திரெஷோல்ட்’ இல்லம் நாம்பள்ளி நிலையச் சாலையில் இன்றும் நிற்கிறது. நாச்சாரத்திலிருந்து பேருந்தில் சென்று பார்த்துவரலாம்.