கூடப் போகிறவர்

சர்க்கரை உள்ள கணவரைக் கண் டாக்டரிடம் கூப்பிட்டுப் பாருங்கள். "எனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே!" என்பார். மனைவியைக் கூப்பிட்டால், "அடுத்த வாரம் பார்க்கலாம்." அந்த அடுத்த வாரம் வரவே வராது.

சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. மங்குகிற நேரத்தில் பாதிப்பு பெரும்பாலும் முற்றியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வாதாடிப் பிரயோஜனமில்லை. கூடப் போக ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு சில மணி நேரம் பக்கத்தில் உள்ள எழுத்து தெரியாது, வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. "நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உட்காருங்க" என்று சொல்லுங்கள். கௌரவம் பார்த்து ஆட்டோ பிடிப்பவரும் உண்டு. பிடிக்கட்டுமே, போய்ச் சேர்ந்தால் சரி!

டாக்டர் அறைக்குள்ளும் கூடவே போங்கள். "சர்க்கரை எப்படி?" என்று கேட்டால், "கன்ட்ரோல்ல இருக்கு" என்று கூசாமல் சொல்வார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரிப்போர்ட்டை நீங்கள் எடுத்து நீட்டுங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டும், திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடியும் பையில் இருக்கட்டும்.