இயந்திரத்தின் அறிவும் பெண்ணுக்கு வேண்டும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது நூற்பாலைகளில் ரிங் பிரேம் முன்னால் ஏராளமான பெண்கள் நிற்கிறார்கள். இழை அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் பிரேம் நின்றுபோனால் ஃபிட்டரைத் தேடி ஓடவேண்டும். அந்த ஃபிட்டர் ஆண். சம்பளமும் அவருக்குத்தான் கூடுதல். வயலிலும் இதே கதைதான். காலங்காலமாக நாற்று நட்டவள் பெண். நடவு இயந்திரம் வந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்தவன் ஆண். அவளுக்கு அன்றைய கூலியும் போயிற்று.

“பெண்ணுக்கு மெஷின் வேலை வராது” என்கிறார்கள். வராதா?

சோவியத் நாட்டில், யாரோஸ்லாவ்ல் நகரத்துப் பஞ்சாலையில் வேலை செய்தவர் வாலெந்தினா தெரஷ்கோவா. தகப்பனார் டிராக்டர் ஓட்டியவர், போரில் மாண்டார். தாயாரும் பஞ்சாலைத் தொழிலாளிதான். ஆலையில் உழைத்துக்கொண்டே வாலெந்தினா தபால் மூலம் தொழில்நுட்பப் பள்ளியில் படித்து, 1960-இல் தேறினார். விமானக் கழகத்தில் சேர்ந்து பாராசூட்டில் குதிக்கப் பழகினார். 1963 ஜூன் 16-ஆம் நாள், தமது 26-வது வயதில், விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் ஆனார். பூமியை 48 முறை சுற்றிவிட்டுத் திரும்பினார். 1969-இல் விமானப்படைப் பொறியியல் கல்விக்கூடத்தில் பட்டமும் பெற்றார்.

அவர் மந்திரம் கற்றவரல்ல. வேலை செய்துகொண்டே படிக்க ஒரு பள்ளி இருந்தது. பழகிப் பார்க்க ஓர் இடம் இருந்தது.

ஆனால் ஒன்றை நாம் மறைக்கக் கூடாது. இரண்டாவது பெண் விண்ணுக்குப் போக 19 ஆண்டுகள் ஆயின. 1982-இல்தான் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா போனார். ஒருத்திக்கு மாலை போட்டால் மட்டும் போதாது; அடுத்தவளுக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

நம் குறையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சங்க அலுவலகத்தில் இரவு 7 மணிக்கு இயந்திரப் பழுது பார்க்கும் வகுப்பு நடத்தினோம். ஒரு பெண்கூட வரவில்லை. “பெண்களுக்கு அக்கறை இல்லை” என்று நானே பேசினேன். ஒரு மூத்த தொழிலாளி என்னை நிறுத்திக் கேட்டார்: “ஏழு மணிக்கு எங்க வீட்டு அடுப்பை யார் தம்பி மூட்டுறது?” எனக்குத் தலை குனிந்தது. வகுப்பைப் பகல் ஷிப்டு முடிந்த கையோடு, ஆலைக்கு எதிரிலேயே வைத்தோம். 11 பெண்கள் வந்தார்கள்.

ஆகவே நிர்வாகத்திடம் கேட்போம்: ஃபிட்டர் பயிற்சியில் பெண்களுக்கும் இடம் வேண்டும், பயிற்சி நேரத்துக்கும் கூலி வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திடம் கேட்போம்: நடவு இயந்திரம் வாங்கினால், ஓட்டக் கற்பிப்பதை நடவுப் பெண்களிடமிருந்தே தொடங்க வேண்டும். பெற்றோர்களே! மகளை ஐ.டி.ஐ.யில் சேர்க்கும்போது தையலோடு நின்றுவிடாதீர்கள்; ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளையும் கேளுங்கள்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பு நாளில் அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். அதுவும் சங்க வேலைதான்!